ஊதா ஏன் பழுப்பானது?

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்தை ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறோம் (டைட்ரேஷன்). முடிவில் இளஞ்சிவப்பு வராமல் கூம்புக் குடுவை பழுப்பாகிவிடுகிறது. தவறு எங்கே?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் கூடவே ஊற்றும் சல்பியூரிக் அமிலத்தில்தான். ஆக்சிஜனேற்ற எண்படி பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜனுக்கும் சேர்த்து –8. மொத்தம் பூஜ்யமாக வேண்டும் என்றால் மாங்கனீசு +7. அது 5 எலக்ட்ரான்களை வாங்கி, கரைசலில் நிறமே தெரியாத +2 ஆக வேண்டும். அதற்கு ஒவ்வொரு பெர்மாங்கனேட் அயனிக்கும் 8 ஹைட்ரஜன் அயனிகள் செலவாகும். அவை போதாவிட்டால் மாங்கனீசு 3 எலக்ட்ரான்களோடு +4-இல் நின்றுவிடும். நீங்கள் பார்த்த பழுப்பு அந்த மாங்கனீசு டை ஆக்சைடுதான்.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு அதே அளவு 2 நார்மல் (செறிவின் அலகு) சல்பியூரிக் அமிலம் ஊற்றுங்கள். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், பெர்மாங்கனேட் அதிலுள்ள குளோரைடையும் குளோரினாக்கிவிடும். நைட்ரிக்கும் கூடாது, அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி (எலக்ட்ரானைப் பறிப்பது).

குடுவையை 60–70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதித்தால் ஆக்சாலிக் அமிலம் சிதையும். முதல் சொட்டுகளின் நிறம் மறையச் சற்று நேரமாகும். வினையில் உண்டாகும் மாங்கனீசு +2 அயனியேதான் இதற்கு வினையூக்கி, அது சேர்ந்த பிறகே வேகம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு, பெர்மாங்கனேட் இருக்கும் அளவுக் குழாயான பியூரெட்டைத் திறந்துவிட்டாலும் பழுப்புதான். பழுப்பான குடுவையைக் கொட்டிவிடுங்கள். ஓர் அயனி 5-க்குப் பதில் 3 எலக்ட்ரான்தான் வாங்கியிருப்பதால் அளவீடு கூடுதலாகக் காட்டும்.

வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் போதும். கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் பிறைத்தளத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பு) மேல் விளிம்பைப் படியுங்கள்.

கணக்கில் ஒரு சறுக்கல்: ஆக்சாலிக் அமிலத்தில் கார்பன் +3, அது +4 ஆகிறது என்று 1 எலக்ட்ரான் போட்டுவிடுவார்கள். மூலக்கூறில் கார்பன் இரண்டு. ஆகவே 2 எலக்ட்ரான். 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சாலிக் அமிலம்.

கேள்வி: மேக்னடைட்டில் (Fe₃O₄ என்ற இரும்புத் தாது) இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் 8/3 என்று வருகிறது. எலக்ட்ரானைப் பின்னமாக்க முடியுமா?
– ஆசிரியர் பயிற்சி மாணவர், நாகர்கோவில்

பதில்: முடியாது. அது சராசரி. மூன்று இரும்பில் ஒன்று +2, இரண்டு +3. கூட்டினால் 8, மூன்றால் வகுத்தால் 8/3. சமன்பாட்டைச் சமன் செய்ய இந்தப் பின்னம் தாராளமாக உதவும், மூன்று அணுக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால். ‘இரும்பு எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டால் மட்டும் பின்னத்தை எழுதாதீர்கள்.