பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கொழும்பில் வீடு வெள்ளவத்தை, வேலை கோட்டை. மூன்று மாதத்துக்கு முன் 100ஆம் இலக்க பஸ்ஸில், கொள்ளுப்பிட்டி நெரிசலுக்குள் நெஞ்சு இடித்து, மூச்சு முட்டி, விரல்கள் விறைத்து, செத்துப்போகப் போகிறேன் என்ற பயம். இரண்டு தடவை எடுத்த ஈசிஜியும் சரி. அன்றிலிருந்து ஓட்டோவில்தான் வேலைக்கு. இப்போது ஓட்டோவிலும் அந்தரம் தொடங்கிவிட்டது.

உங்களுக்கு வந்தது பெனிக் அட்டாக் (திடீரென்று வரும் கடும் பயத் தாக்கு) போலத்தான் தெரிகிறது. இது மாறக்கூடியது. ஆனால் ஓட்டோவுக்கு மாறியதுதான் இதை வளர்க்கிறது. பயந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும், "இறங்கினபடியால் தப்பினேன்" என்று மூளை பதிந்துகொள்கிறது. இறங்காமல் இருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால்தான் பயம் பஸ்ஸோடு நிற்காமல் ஓட்டோவுக்கும் வந்தது. விட்டால் லிப்ட், சுப்பர்மார்க்கெட் வரிசை, சலூன் கதிரை என்று போய்க்கொண்டேயிருக்கும்.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டாலே பயத்தில் ஒரு பங்கு குறையும். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கித் தலை சுற்றுகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைக்கிறது. மூச்சு போதவில்லை என்று தோன்றும், உண்மையில் கூடிப்போயிருக்கும். அந்த நேரத்தில் "இது ஹார்ட் அட்டாக்" என்று நினைத்தால் இன்னும் அட்ரினலின், இன்னும் படபடப்பு. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் விளக்கிய சுழற்சி இது. இன்றைய சிகிச்சை பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். மயங்கி விழுவேன் என்ற பயமும் பலருக்கு உண்டு. மயங்குவதற்கு இரத்த அழுத்தம் விழ வேண்டும்; பெனிக் நேரத்தில் அது ஏறுகிறது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுபவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா மூச்சை இழு" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் பிழையான ஆலோசனை. ஏற்கெனவே கூடிப்போன மூச்சை அது இன்னும் கூட்டும். முதலில் மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு மூக்கால், சாதாரண அளவில், நாலு எண்ணும் வரை உள்ளே. ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தோள் எழும்பக் கூடாது, வயிறுதான் அசைய வேண்டும். இதை அட்டாக் வந்த அன்றைக்குப் பழக முடியாது. காலையும் இரவும் ஐந்து நிமிடம், சும்மா இருக்கும் நேரத்தில் செய்து பழகுங்கள். பையை வாயில் வைத்து ஊதும் பழைய வழி வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. இன்னொன்று: அட்டாக்கை விரட்ட இந்த மூச்சுப் பயிற்சியைப் பாவிக்காதீர்கள். அது வந்து போகும் வரை இருக்கையில் இருக்க உதவினால் போதும்.

இனி முக்கியமான வேலை, பஸ்ஸுக்குத் திரும்புவது. ஒரு கொப்பியில் பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி போட்டு, சின்னதிலிருந்து பெரியதுக்குப் படி எழுதுங்கள். உதாரணத்துக்கு: ஹோல்டில் நின்று பஸ் வந்து போவதைப் பார்ப்பது 20. ஞாயிறு காலை வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் ஏறிச் சவோய் தியேட்டரடியில் இறங்குவது 35. கிழமை நாளில் பதினொரு மணிபோல், நெரிசல் இல்லாத பஸ்ஸில் பம்பலப்பிட்டி வரை 50. அதே நேரம் கொள்ளுப்பிட்டி வரை 60. உள்ளே, ஜன்னல் பக்கம், இறங்க மற்றவர்களைத் தாண்ட வேண்டிய சீட் 70. காலை ஏழரை மணி பஸ்ஸில் நின்றபடியே கோட்டை வரை 95. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். 30க்கும் 40க்கும் இடையில் வருவதிலிருந்து தொடங்குங்கள்.

ஏறுமுன் கொப்பியில் ஒரு வரி: "மயங்கி விழுவேன், 80 வீதம் நம்புகிறேன்." இறங்கியபின் அடுத்த வரி: உண்மையில் என்ன நடந்தது. இந்த இரண்டு வரிதான் மருந்து, தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பயம் உச்சத்தில் நிற்கும்போது இறங்காதீர்கள். பாதியாவது குறையும் வரை இருங்கள். ஒரு ஹோல்ட் தூரம் அதற்குப் போதாவிட்டால் அதே படியை அன்றைக்கே இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். கிழமைக்கு நாலைந்து நாளாவது வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வீரமாகப் போவதில் பலன் இல்லை. ஒரு படியில் பயம் 20க்கு வந்தபின் அடுத்ததுக்குப் போங்கள். நடுவில் ஒரு மோசமான நாள் கட்டாயம் வரும். ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்தும் சிலருக்குப் பயம் போகாமல் நிற்கும். தேடிப் பார்த்தால் ஏதாவது ஒரு துணை ஒளிந்திருக்கும். பையில் தண்ணீர்ப் போத்தல், கதவடிச் சீட், அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே போவது, மணிக்கூட்டில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது, தேவைப்பட்டால் போடலாம் என்று வைத்திருக்கும் குளிசை. கோயிலில் கட்டிய நூலில் பிழை இல்லை, கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் "போத்தல் இருந்தபடியால்தான் தப்பினேன்" என்று நினைக்கும் வரை மூளை பஸ்ஸை நம்பாது. ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

நெஞ்சுப் படபடப்பே பயம் என்றால் அதையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பழகலாம். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, ஒடுக்கமான ஸ்ட்ரோவால் ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் கதிரையில் அரை நிமிடம் சுற்றுவது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கோப்பி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் கஃபீன், ஒரு பிளேன்டீயில் 40 முதல் 50 வரை. ஒஃபிஸில் நாலைந்து தேத்தண்ணி, வெறும் வயிறு, ஆறு மணி நேரம் கூட இல்லாத நித்திரை எல்லாம் சேர்ந்தால் பஸ்ஸில் ஏறுமுன்பே உடம்பு பாதி வழி போயிருக்கும். கஃபீனை ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடி வரும், இரண்டு கிழமையில் மெல்லக் குறையுங்கள்.

ஈசிஜி சரி என்பதால் எல்லாம் முடிந்ததாக எடுக்க வேண்டாம். தைராய்டு கூடினாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதேபோல் படபடக்கும். டிஎஸ்எச் (தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சீனி மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மூக்கடைப்புக்கான சில மருந்துகளும் ஆஸ்துமா பம்பும் இதயத்தை வேகமாக்கும். படி ஏறும்போது வந்து, நின்றால் குறையும் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை என்றால் இந்தப் பதிலை மறந்துவிட்டு 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை எல்லாம் பார்த்துச் சரி என்றபின், புதிதாக ஒன்றும் இல்லாமல் மாதாமாதம் ஈசிஜி எடுப்பதும் அந்தத் தண்ணீர்ப் போத்தல் வகைதான்.

ஒரு மாதம் ஒழுங்காக முயன்றும் படி நகரவில்லை, அல்லது நித்திரையும் சாப்பாடும் வேலையும் கெடுகிறது என்றால் ஆளைப் பார்க்க வேண்டிய நேரம். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. கொழும்பு தேசிய வைத்தியசாலையும் இருக்கிறது. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) சொன்னால் மனநல கிளினிக்குக்கு அனுப்புவார்கள், காசு இல்லை. மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொட என்ற பெயரைச் சொல்லிச் சனம் சிரிக்கும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தயக்கத்தால் பலர் வருடக்கணக்கில் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள். சிங்களத்தில் விளக்க முடியாதோ என்ற யோசனை இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், குடிக்கும் மருந்து, தேத்தண்ணி, மது. அவசரத்துக்கு 1926, தேசிய மனநல உதவி இலக்கம். இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே எடுங்கள்.

மருந்து தந்தால் பயப்பட வேண்டாம். செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை அடிமையாக்குவதில்லை, ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். முதல் இரண்டு கிழமையில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். பிறகு சுகம் வந்தாலும் சட்டென்று விடக் கூடாது, அவர் சொல்லும்படி மெல்லக் குறைக்க வேண்டும். டயசிபாம், அல்பிரசோலம் வேறு வகை: அரை மணியில் அமைதி தரும், சில கிழமைகளில் பழக்கமாகிவிடும். யாரோ வீட்டில் மிச்சம் வைத்திருப்பதை வாங்கிப் போடாதீர்கள். படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனலோல் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. உங்களுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்திருந்தாலும் அதை அந்தத் தாளில் எழுதுங்கள்.