சீல் குட்டியைப் பாட்டி மடியில் வைப்பது ஏமாற்று வேலையா?

தம்பி, பிரிஸ்பேன் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். வாரநாளில் மாஸ்டர்ஸ் படிப்பு, வார இறுதியில் முதியோர் இல்லத்தில் கேர் வொர்க்கர் வேலை. டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) உள்ள ஒரு பாட்டியின் மடியில் ரோபோ சீல் (கடல்நாய்) குட்டியை வைக்கச் சொன்னார்கள், அவர் அதைக் கொஞ்சியதைப் பார்த்ததும் மனசு உறுத்தியது, நம் ஊரில் பெரியவர்களை இப்படி ஏமாற்றுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே தீசிஸுக்கு எடுக்கலாமா, ஆட்டிசம் உள்ள அக்கா மகனுக்கு ஒரு ரோபோ வாங்கி அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து 17 வருடம். முதலில் உங்களைப் போல கேர் வேலை, அப்புறம் நர்ஸ், இப்போது ஆய்வுக் குழுக்களுக்காக இல்லம் இல்லமாகப் போய்த் தரவு சேகரிக்கிறேன்.

ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருநெல்வேலியில் என் ஆச்சிக்குக் கடைசி இரண்டு வருடம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பழைய சேலையைச் சுருட்டி மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பாள். "சத்தம் போடாதீங்க, பிள்ள ஒறங்குது" என்பாள். நாங்களும் பூனை மாதிரி நடப்போம். அது ஏமாற்று என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா வயலுக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போவாள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

இங்கே முதியோர் இல்லங்களில் 2024 அக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸுடையது என்று அரசு விதித்திருக்கிறது. குளிக்க, சாப்பிட, மாத்திரை போட எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். மீதி இருபது மணி நேரத்தில் தூங்குகிற நேரம் போக, அந்தப் பாட்டி எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? டிவியும் சுவரும்தான். சீல் குட்டியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் குட்டியின் பெயர் பேரோ. ஜப்பானில் தகநோரி ஷிபாதா 1993-லிருந்து உருவாக்கியது. பூனை, நாய் என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பார்கள். சீலைப் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. அதனால்தான் சீல். சுமார் 2.7 கிலோ, கைக்குழந்தை எடை. நிஜச் சீல் குட்டிகளின் குரலைப் பதிவு செய்துதான் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். தடவினால் கண்ணை மூடும், முனகும்.

ஆய்வு என்று பார்த்தால் உங்கள் ஊரிலேயே பெரிய ஒன்று நடந்திருக்கிறது. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் வெண்டி மோயில் குழுவினர் தென்கிழக்கு குயின்ஸ்லாந்தில் 28 இல்லங்களில் 415 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்டார்கள். இல்லங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பேரோ. இன்னொரு பிரிவுக்கு உள்ளே இயக்கத்தை நிறுத்திவிட்ட அதே பேரோ, அதாவது வெறும் பொம்மை. மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வாரம் மூன்று தடவை, 15 நிமிடம், பத்து வாரம். இயங்கிய பேரோவோடு அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட மகிழ்ச்சி கூடியது, பதற்றம் குறைந்தது. ஆனால் பொம்மையை மிஞ்சியது அந்தப் பேச்சிலும் பார்வையிலும் மட்டும்தான். பதற்றம் குறைந்ததும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணியதில் தெரிந்ததே தவிர, பதற்றத்துக்கான கேள்விப்பட்டியலில் பிரிவுகளுக்கிடையே வித்தியாசமே இல்லை. எனக்கு ஆச்சியின் சேலைச் சுருள்தான் ஞாபகம் வந்தது. இன்னொன்று, அந்த ஆய்வில் யாரும் கூட உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கவில்லை. தனியாக விட்டுத்தான் பார்த்தார்கள்.

கூட உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர். நாற்பது வருடம் பேசிய ஆங்கிலம் மொத்தமும் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். அந்த ஷிப்டில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவர்தான். பேரோவைத் தன் கார்டிகனுக்குள் சுற்றி வைத்துக்கொண்டு "இந்தப் பிள்ளையின்ர தாய் எங்க?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பொய் சொல்ல மனமில்லாமல், "இது பொம்மை பாட்டி" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குத் தெரியும் பிள்ளை. எண்டாலும் அழுகுதெல்லோ" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் தன் மூத்த மகன் பிறந்த கதையைச் சொன்னார்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. மாட்டுப் பண்ணை வைத்திருந்த தாத்தா ஒருவர், மிருகத்தைக் கட்டிலில் ஏற்றுவதா என்று கோபப்பட்டுத் தள்ளிவிட்டார். இன்னொருவர் சார்ஜ் போட எடுத்துப்போனதும் தேம்பித் தேம்பி அழுதார். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் ஸ்பாரோ 2002-லேயே எழுதியிருக்கிறார்: இந்த மாதிரி ரோபோவால் பயன் கிடைக்க வேண்டுமென்றால், அது என்னவென்பதைப் பற்றி ஒருவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டும் என்று. அவசியம் படியுங்கள். எனக்கு அவரோடு பாதிதான் உடன்பாடு. உயிருள்ளது என்று நாமாகச் சொல்லக் கூடாது, அவர் நம்பினால் மல்லுக்கு நிற்கவும் கூடாது, கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், பார்க்க வரும் குடும்பங்களுக்குப் பேரோவைக் காட்டிக் காட்டியே சாயங்கால ஷிப்டில் ஓர் ஆளைக் குறைத்தார்கள். அங்கேதான் ஏமாற்று நடந்தது.

தீசிஸுக்கு எடுங்கள், நல்ல விஷயம். எத்திக்ஸ் கமிட்டிக்குக் குடும்பத்தின் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள். அது போதாது. ஒவ்வொரு தடவையும் அந்த நபரின் முகத்தைப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவர் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். கண்டிப்பாக வெறும் பொம்மைப் பிரிவு ஒன்று வையுங்கள்.

அக்கா மகனுக்கு இப்போதைக்கு ரோபோ வாங்க வேண்டாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்காசெல்லாட்டி குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகள் வீட்டிலேயே ஒரு மாதம், தினமும் அரை மணி நேரம் ரோபோவோடு விளையாடினார்கள். பெரியவர்கள் காட்டுவதைக் கூடச் சேர்ந்து கவனிப்பது மேம்பட்டது, ரோபோ இல்லாத நேரத்திலும். மனசுக்கு நிறைவான முடிவுதான். ஆனால் 12 பேர்தான், ஒப்பிட வேறு பிரிவு கிடையாது, அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அந்தப் பணத்தை அக்காவுக்கு அனுப்புங்கள், பேச்சுப் பயிற்சிக்கு ஆகும்.

அடுத்த ஷிப்டில் பேரோவை வைத்துவிட்டு நகர்ந்துவிடாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பேரோவின் மீசையை இழுக்க விடாதீர்கள், அதில் உணரி (சென்சார்) இருக்கிறது. அது யார் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.