அம்மாவுக்கு 4.6 செ.மீ.: பெரியப்பாவைப் போலக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. வெற்றிலையோடு புகையிலை போடுவார். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், வயிற்று மகாதமனியில் (இதயத்திலிருந்து வயிற்று வழியாக ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்) 4.6 செ.மீ. வீக்கம் தெரிந்தது. பெரியப்பாவுக்கும் இதே நோய்தான், 5.5 வரை பொறுக்கலாம் என்றார்கள். அம்மாவை மட்டும் இப்போதே அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்வது ஏன்?
- வாசகி, பாபநாசம்

பதில்: அம்மாவின் மருத்துவர் சொன்னது சரி. பெரியப்பாவின் கணக்கை அம்மாவுக்குப் போடாதீர்கள்.

ஸ்கேன் காட்டுவது வீக்கத்தின் அகலத்தை. சுவரின் வலுவை அல்ல. வயல்காட்டில் பிறந்தவருக்கு இது எளிதில் புரியும். வரப்பு பார்வைக்கு நன்றாகவே நிற்கும். உள்ளே நண்டு வளை இருந்தால் அந்த இடத்தில்தான் தண்ணீர் அறுத்துக்கொண்டு போகும். மகாதமனிக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்களை உடல் பெரும்பாலும் சிறுவயதிலேயே நெய்து முடித்துவிடுகிறது. பிறகு தேய்மானம்தான். வீங்கிய சுவரிலோ, அழற்சியில் சுரக்கும் நொதிகள் மிச்ச நார்களையும் அரிக்கின்றன. வயது ஏற ஏறச் சுவர் விறைத்து, தாங்கும் திறன் குறைகிறது.

இந்த நோய் ஆண்களுக்கே பல மடங்கு அதிகம். ஆனால் வந்துவிட்டால், அதே அளவு வீக்கம் பெண்களிடம் வெடிக்கும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. பிரிட்டனில் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வில், வெடிப்பதற்கு முன் அளந்த சராசரி அகலம் ஆண்களுக்கு 6 செ.மீ., பெண்களுக்கு 5. அறுவை சிகிச்சையில் எடுத்த சுவர்த் துண்டுகளை இழுத்துப் பார்த்த சில சோதனைகளிலும் பெண்களின் திசு முன்னதாகவே கிழிந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைவதற்கும் இதில் பங்கு இருக்கலாம். பெண்களின் மகாதமனி இயல்பிலேயே சற்றுச் சிறியது, ஆகவே 4.6 என்பது உங்கள் அம்மாவின் உடலுக்குப் பெரிய வீக்கம். இதனால்தான் பெண்களுக்கு 5 செ.மீ.யிலேயே சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம். 4.6-இல் நிபுணரைப் பார்ப்பது அவசரம் அல்ல, முன்யோசனை.

புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; வெற்றிலை மட்டும் போடட்டும். ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது. மறு ஸ்கேனுக்கான தேதியை நிபுணரிடம் கேட்டு, காலண்டரில் குறித்துவிடுங்கள்.

திடீரென வயிறோ முதுகோ தாங்க முடியாமல் வலித்து, வியர்த்து மயக்கம் வந்தால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். பெண்களின் வலியை அப்படித் தள்ளிவிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். 108-ஐ அழையுங்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ரத்தநாள அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில் இரவிலும் நடக்கும் என்பதை இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.