மூளை அடிபட்டால் எது போகும், எது தங்கும்? கேள்வி பதில்

(பாரிசவாதம் வந்தவர்களோடு கொழும்பில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கொட்டாஞ்சேனை, மகள்: மிஸ், பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தண்ணி கேட்கவும் சொல் வருதில்லை. ஆனா தேவாரம் முழுக்கப் பாடுறார். நடிக்கிறார் எண்டு அண்ணா சொல்றார்.

பதில்: அப்பா நடிக்கவில்லை. அண்ணாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஊறிப்போன பாட்டும் ஒன்று, இரண்டு எண்ணுவதும் தாமாக ஓடி வரும். புதிதாக ஒரு வசனம் கட்டுவது வேறு வேலை. மூளையின் இடது பக்கம் சேதமான பலருக்கு இது போய், அது தங்கிவிடுகிறது.

பாரிஸில் போல் ப்ரோக்கா என்ற வைத்தியர் 1861இல் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளி எதைக் கேட்டாலும் ‘டான்’ என்றே சொன்னார். மற்றவர்கள் சொன்னது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. அவர் இறந்த பிறகு பார்த்தால் இடது முன்மூளையில் சேதம். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் வைத்தியர் இதற்கு நேரெதிரானவர்களை விவரித்தார்: சரளமாகக் கதைப்பார்கள், கேட்பது விளங்காது. இந்த இரண்டாவது வகை மிக முக்கியம். லெபோர்ன் மட்டும் இருந்திருந்தால், பேசுவது கஷ்டமான வேலை, அதனால் அது முதலில் கெட்டது என்று சொல்லிவிடலாம். எதிர்மாறானவரும் கிடைத்தால்தான் இரண்டும் வெவ்வேறு வேலை என்று துணிந்து சொல்ல முடியும்.

வெள்ளவத்தை: மூளையில் பத்து வீதம்தான் பாவிக்கிறோமா?

பதில்: இல்லை. பத்து வீதம் போதுமென்றால் சின்ன இரத்தக் கட்டி ஒன்று குழாயை அடைத்து ஒருவருக்குப் பேச்சு போகுமா?

தெஹிவளை, மாணவர்: மூளை வேலை செய்வதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கும்போது சேதத்தைப் பார்ப்பது ஏன்?

பதில்: அந்த ஸ்கேன் காட்டுவது இரத்தத்தில் ஒட்சிசன் மாறுவதை. ஓரிடம் ஒளிர்ந்தால் அது வேலையில் சேர்ந்திருக்கிறது. அது இல்லாமல் வேலை நடக்காது என்பதற்கு அது சாட்சியல்ல. முயலுக்கு ஓர் ஒலி கேட்கவிட்டு, அது முடிவதற்குள் கண்ணில் காற்று ஊதினால், பிறகு ஒலிக்கே கண் மூடப் பழகும். அப்போது மூளையில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் செல்கள் மும்முரமாக இயங்குகின்றன. ஆனால் அதை வெட்டி எடுத்தாலும் முயல் பழகுகிறது. சிறுமூளையின் ஒரு சின்னப் பகுதி கெட்டால்தான் பழக்கம் போகிறது.

அதே மாணவர்: சேதமும் சுத்தமான சாட்சி இல்லையே?

பதில்: உண்மை, நல்லாய்ப் பிடித்தீர்கள். பாரிசவாதம் இரத்தக் குழாயின் வழியே போகும். மூளையின் வேலைப் பிரிவுகளைப் பார்த்து நிற்காது. 2007இல் லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ப்ரோக்கா வெளியே கண்டதைவிடச் சேதம் மிக ஆழமாக, இணைப்பு நரம்புகள் வரை போயிருந்தது. அதனால்தான் ‘பேச்சு இந்த இடத்தில் இருக்கிறது’ என்று எழுதாதீர்கள் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன். ‘இந்த இடம் கெட்டால் பேச்சு கெடுகிறது’ என்பது வரைதான் நமக்குத் தெரியும். 1985இல் வந்த காந்தத் தூண்டல் முறையில், சுகமாக இருப்பவரின் ஓரிடத்தைச் சற்று நேரம் குழப்பிப் பார்க்கலாம். அதையும் ஸ்கேனையும் நோயாளிகளையும் சேர்த்தே பாருங்கள்.

பம்பலப்பிட்டி: வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று உண்டா? பத்து வீதம்...

பதில்: ஆட்களை அப்படிப் பிரிக்க முடியாது. பத்து வீதத்துக்கு மேலே பதில் இருக்கிறது.

வத்தளை: அம்மாவுக்குக் காலையில வாய் கோணி, பத்து நிமிசத்தில சரியாயிட்டுது. பார்க்க வேணுமா?

பதில்: இப்போதே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். சரியானது என்று விடாதீர்கள், அடுத்தது பெரிதாக வரலாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.