நகைக் கடை தாமதத்துக்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். புரட்டாசி முடிந்ததும் மகளுக்குக் கல்யாணம். நாத்தனார் சொன்ன கடையில் ஏப்ரலில் ஓர் ஆரமும் தாலிச் சங்கிலியும் செய்யக் கொடுத்தோம். என் பழைய வளையல் நான்கு, 40 கிராம், 22 காரட். அதோடு வங்கியில் 60,000 ராண்ட் கடன் (24% வட்டி, 3 வருஷம்) வாங்கி முன்பணம் கட்டினேன். ஜூன் கடைசியில் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். ஜூலையில் தங்கம் ஏறிவிட்டது என்று 20,000 கேட்டார்கள். அதே கடனை டாப்-அப் செய்து, அதாவது அதன் மேலேயே கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் காட்டிய ஆரம் நாங்கள் தேர்ந்தெடுத்த மாதிரியே இல்லை. கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாற்றிச் செய்ய இன்னும் 25,000 வேண்டுமாம். "கொடுத்து முடி, நாலு பேர் பார்ப்பார்கள்" என்கிறார் நாத்தனார். மறுபடி டாப்-அப் செய்யலாமா? இல்லை, கடைக்காரர் சொல்லும், மூன்று தவணையாகக் கட்டும் ஆப்பில் போடலாமா?

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். ஒரு ராண்ட்கூட இனி அந்தக் கடைக்குப் போகக் கூடாது.

கடை மரியாதையில்லாமல் நடப்பது எரிச்சல்தான். ஆனால் உங்களைக் கடனில் இறக்குவது கடைக்காரரின் முகம் இல்லை. அவர் தவறும்போதெல்லாம் நீங்கள் பணம் கொடுத்துச் சமாதானம் தேடுகிறீர்களே, அதுதான். ஜூன் தாண்டியது அவர் தவறு, 20,000 கொடுத்தீர்கள். மாதிரி மாறியதும் அவர் தவறு. இப்போது 25,000 தேடுகிறீர்கள். சொன்ன தேதியில் முடித்திருந்தால் ஜூலை விலையைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது. அவர் தாமதத்துக்கு வங்கியில் வட்டி கட்டுவது நீங்கள்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 80,000-க்கு 24% வட்டியில் மூன்று வருஷத்துக்கு மாதத் தவணை 3,140 வரும். இன்னொரு 25,000 சேர்த்தால் 4,120. மொத்தமாகக் கட்டுவது சுமார் 1,48,000. அதில் வட்டி மட்டும் 43,000. மாதாமாதம் வங்கி பிடிக்கும் சேவைக் கட்டணம் இதில் சேரவில்லை.

சரி, எவ்வளவு தங்கம் வரும்? செய்கூலியும் சேதாரமும் 20% என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ராண்ட் தங்கம் 120 ஆகும். அதன் மேல் வாட் வரி 15%, ஆக 138. நீங்கள் கொடுக்கும் 1,05,000-இல் தங்கமாக நிற்பது 76,000 அளவுதான். உங்கள் வளையல் தங்கத்துக்கும் கூலி பிடிப்பார்கள் என்பதால் உண்மையில் அதுவும் குறையும். 76,000 தங்கத்துக்கு 1,48,000! ஆரம் ஒரு சொத்துதானே என்று நாத்தனார் சொல்லுவார். சேமிப்புக்குத் தங்கம் வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே க்ரூகர்ராண்ட் காசு இருக்கிறது. அதுவும் 22 காரட், எடை 33.93 கிராம், வாட் இல்லை. கழுத்தில் போடுவதை ஆசைக்கு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 24% கடனில் வாங்கிவிட்டு அதை முதலீடு என்று சொல்லக் கூடாது.

அந்த மூன்று தவணை ஆப்? வட்டி இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தவணை தவறினால் வரும் கட்டணம் அடியில் இருக்கும். அதைவிட, தகராறில் இருக்கும் நகைக்கு மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டால், அப்புறம் உங்கள் போனை எடுக்கக்கூட அந்தக் கடைக்கு அவசியம் இருக்காது. இந்த ஆப்களைத் துணிமணிக்கே நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பலம் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். செய்யச் சொல்லிக் கொடுத்த பொருள் நீங்கள் சொன்ன விவரத்தோடு நியாயமான அளவு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 18-ஆவது பிரிவு. சொன்ன தேதி தாண்டிக் கொண்டுவந்து நீட்டினால், வாங்குவதா ரத்து செய்வதா என்பது உங்கள் முடிவு. ரத்து செய்தால் அபராதம் கிடையாது. அது 19-ஆவது பிரிவு. உங்கள் வளையல் அவர் கையில் இருக்கும்வரை அதைத் தன் சொத்தாக அவர் நடத்தக் கூடாது, தொலைந்தால் பொறுப்பும் அவருடையது என்கிறது 65-ஆவது பிரிவு.

எனக்குப் பெரிய கவலை அந்த வளையல்தான். கடிதத்தோடு அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். "பழைய வளையல் 4" என்று மட்டும் இருக்கிறது. எடையும் இல்லை, காரட்டும் இல்லை. 40 கிராம் என்றால் ஐந்து பவுன், ஒரு க்ரூகர்ராண்டைவிடக் கனம். அதை இப்படியா எழுதி வாங்குவது? பழைய பில், வளையல் போட்டு எடுத்த போட்டோ, எடை போட்டபோது கூட இருந்தவர் யார் என்பது எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள்.

பிறகு இந்த வாரமே மின்னஞ்சலில் எழுதுங்கள்: 40 கிராம் 22 காரட் பெற்றதை உறுதிசெய்ய வேண்டும், ஒப்புக்கொண்ட மாதிரியில், கூடுதல் பணம் இல்லாமல், 14 நாளில் ஆரம் வர வேண்டும், இல்லையென்றால் வளையலுக்கு ஈடான தங்கமும் 80,000-உம் திரும்ப வேண்டும். ஜூன் தேதி சொன்ன வாட்ஸ்அப் செய்தியையும் மாதிரிப் படத்தையும் இணையுங்கள். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். தன் அக்காவிடம் உங்கள் கணவர் பேசட்டும். கடையைக் காட்டியது அவர், தவணை கட்டுவது நீங்கள். கல்யாணத்துக்குத் தாலியும் ஒரு மெல்லிய சங்கிலியும் போதும். ரெடிமேடாக, கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்குங்கள். மின்னஞ்சலுக்குக் கடையிலிருந்து என்ன பதில் வந்தாலும் இந்த ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

80,000 திரும்பி வந்தால் கல்யாணச் செலவில் கலக்க விடாதீர்கள், அன்றே கடனில் கட்டுங்கள். இந்த அளவுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு தேசியக் கடன் சட்டப்படி அபராதம் கிடையாது. முழுசாக அடைக்க எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஐந்து வேலை நாளுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.