பெயரை மாற்றிவிட்டீர்கள், பாட்டை என்ன செய்வீர்கள்?

வாசகர் கேள்வி: எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் பாடகரின் வாழ்க்கையை வைத்து இசைப்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன், 'யாவும் கற்பனையே' என்று முதலிலேயே போட்டுவிடுவோம். அப்புறமும் அனுமதி வாங்க வேண்டுமா?

அந்த 'யாவும் கற்பனையே' வரியை நம்பி இறங்காதீர்கள். அந்த வரி பரவியதே ஒரு ஸ்டுடியோ வழக்கில் தோற்ற பிறகுதான். 1932-ல் ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம், ரஷ்ய மன்னர் குடும்பத்தை ஆட்டிவைத்த சாமியார் ரஸ்புதினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் நடாஷா என்று ஓர் இளவரசி, அவளை ரஸ்புதின் கெடுத்துவிடுவதாகக் கதை. ரஸ்புதினைக் கொன்றவர்களில் ஒருவரான ரஷ்ய இளவரசர் யூசுபோவின் மனைவி இரினா, 'நடாஷா என்றால் நான்தான் என்று யாருக்கும் தெரியும்' என்று லண்டனில் வழக்குப் போட்டார். பெயர் வேறாச்சே என்ற வாதம் எடுபடவில்லை, 1934-ல் 25,000 பவுண்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆக, நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள் என்பதைவிட, பார்க்கிறவனுக்கு யார் ஞாபகம் வருகிறது என்பதுதான் விஷயம்.

ராக் படங்களில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. 1979-ல் வந்த 'தி ரோஸ்' முதலில் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் கதையாகத்தான் கிளம்பியது, பெயர்கூட அவருடைய செல்லப்பெயரான 'பேர்ல்'. குடும்பம் சம்மதிக்கவில்லை. கதையைத் திருப்பி எழுதி, பாடகி பெட் மிட்லரை வைத்து ரோஸ் என்ற கற்பனைப் பாடகியின் படமாக்கினார்கள். ஜாப்ளின் 1970-ல் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாகச் செத்துக் கிடந்தார், ரோஸ் சொந்த ஊர் மேடையில் கூட்டத்துக்கு முன்னால் சரிகிறாள். ஜாப்ளின் பாட்டு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. பார்த்தவர்களுக்கு ஜாப்ளின்தான் தெரிந்தார், ஆனால் இது அவர் வாழ்க்கை என்று படம் எங்கேயும் உரிமை கொண்டாடவில்லை. ஒழுங்காகச் செய்த வேலை.

பாட்டுதான் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கும். 1998-ல் டாட் ஹெய்ன்ஸ் 'வெல்வெட் கோல்ட்மைன்' எடுத்தபோது தலைப்பே பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் பாட்டுப் பெயர், நாயகன் பிரையன் ஸ்லேடும் அப்பட்டமாகப் போவிதான். போவி தன் பாட்டுகளைத் தர மறுத்துவிட்டார். தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் அது மட்டும் தங்கியது. ஹெய்ன்ஸ் ராக்ஸி மியூசிக் என்ற குழுவின் பாட்டுகளை வாங்கினார், 'ஷடர் டு திங்க்' குழுவிடம் அந்தக் காலத்து வாசனையோடு புதுப் பாட்டுகள் எழுதி வாங்கினார். பாணிக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, மெட்டுக்கும் வரிக்கும் உண்டு. குரலில் மட்டும் ஜாக்கிரதை: தன் குரல் மாதிரியே ஒருவரைப் பாடவைத்த ஒரு கார் விளம்பரத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, 1988-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது யார் தெரியுமா, அதே பெட் மிட்லர்! விளம்பரமும் படமும் ஒன்றில்லைதான், ஆனால் உங்கள் டிரெய்லரும் விளம்பரம்தானே.

'வெல்வெட் கோல்ட்மைன்' படத்திலேயே கர்ட் வைல்ட் என்ற பாடகர் பாத்திரத்தைக் கவனியுங்கள். மேடையில் சட்டையில்லாமல் ஆடுவது ராக் பாடகர் இகி பாப், சின்ன வயதில் மின்சார அதிர்ச்சிச் சிகிச்சை வாங்கியது இன்னொரு ராக் பாடகர் லூ ரீட். இரண்டு பேரை ஒரு உடம்பில் போட்டால் 'இது நான்' என்று கையைத் தூக்க ஆளில்லை. நான் எல்லாருக்கும் சொல்கிற உத்தி இதுதான்.

மாட்டிக்கொண்ட கதை வேண்டுமென்றால் 'ட்ரீம்கேர்ள்ஸ்'. 1981-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடகமாக வந்தபோதே இது சுப்ரீம்ஸ் என்ற பெண் பாடகர் குழுவின் கதை என்று ஊருக்கே தெரியும். எஃபி என்றால் 1967-ல் குழுவைவிட்டு அனுப்பப்பட்ட ஃபிளாரன்ஸ் பல்லார்ட், டீனா என்றால் டயானா ராஸ். படைத்தவர்கள் இல்லை இல்லை என்றார்கள். சுப்ரீம்ஸ் பாடகி மேரி வில்சனோ கோபப்படவே இல்லை, 1986-ல் தன் சுயசரிதைக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். நாடகத்தில் கதை சிகாகோவில் நடந்தது, 2006 படத்தில் அதை சுப்ரீம்ஸின் இசைத்தட்டு கம்பெனியான மோட்டவுனின் ஊரான டெட்ராய்ட்டுக்கே கொண்டுபோய், சுப்ரீம்ஸின் ஆல்பம் அட்டைகளையும் அப்படியே நகலெடுத்தார்கள். இவ்வளவு அடையாளம் காட்டிவிட்டு, கம்பெனி முதலாளி கர்டிஸ் லஞ்சம் கொடுக்கிறான், ரவுடிகளோடு சேர்கிறான் என்று காட்டினால் மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டி சும்மா இருப்பாரா? 2007-ல் படத்தின் ஸ்டுடியோக்களான ட்ரீம்வொர்க்ஸும் பாராமவுண்டும் சினிமாப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டன. அட்டையும் ஊரும் நிஜம், குற்றம் மட்டும் கற்பனை. இதைவிட மோசமான கலவை கிடையாது.

எனவே உங்கள் திரைக்கதையை எடுத்து, அவர் தப்பு செய்வதாக வரும் காட்சிகளை மட்டும் தனியாகப் படியுங்கள். நீங்களாகச் சேர்த்த தப்பு என்றால் வெட்டுங்கள், அல்லது அந்தப் பாத்திரத்தை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றுங்கள். ஆள் இறந்துவிட்டார் என்றும் நிம்மதியாக இருக்காதீர்கள், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு இறந்தவரைத் தூற்றினாலும் நம் சட்டத்தில் அவதூறுதான். நீதிமன்ற ஆவணம் மாதிரி பொதுப் பதிவில் இருப்பதைப் பொதுவாகத் தாராளமாக எடுக்கலாம் என்று 1994-ல் நக்கீரன் - ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று பக்க ஓரத்தில் குறித்துவையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

கற்பனைப் பெயர்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். 1974-ல் பிரையன் டி பால்மா 'ஃபேன்டம் ஆஃப் தி பாரடைஸ்' படத்தில் வில்லனின் கம்பெனிக்கு ஸ்வான் சாங் என்று பெயர் வைத்துப் படத்தையும் எடுத்து முடித்துவிட்டார், அதே வருடம் லெட் செப்பலின் என்ற ராக் குழு அதே பெயரில் நிஜமாகவே ஒரு இசைத்தட்டு கம்பெனி தொடங்கியது. அப்புறம் என்ன, எடுத்த காட்சிகளில் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் 'டெத் ரெக்கார்ட்ஸ்' என்று ஒட்டுப் போட்டார்கள். உற்றுப் பார்த்தால் சில இடங்களில் அந்த ஒட்டு இன்றும் தெரியும்.