அரசு வீட்டை விட்டுவிட்டு இக்காலுயிட்டில் சொந்த வீடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்தவன். ஆறு ஆண்டுகளாக, கனடாவின் வட ஆட்சிப்பகுதியான நூனவுட்டின் தலைநகரம் இக்காலுயிட்டில், ஆட்சிப்பகுதி அரசின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி இதே ஆட்சிப்பகுதியில் பாங்னிர்டுங் என்ற சிற்றூரில் பிறந்த இனுயிட் பழங்குடிப் பெண், பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். எனக்கு ஆண்டுக்கு 110,000 டொலர், அவருக்கு 95,000 டொலர் வருமானம். அரசு ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. எண்ணெய், தண்ணீர் உட்பட மாதம் 1,700 டொலர் கட்டுகிறோம். வரியற்ற சேமிப்புக் கணக்கில் 70,000 டொலர் இருக்கிறது. இருவருக்கும் இதுவரை எங்கும் சொந்த வீடு இருந்ததில்லை. இப்போது 620,000 டொலருக்கு ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. முன்பணத்துக்கு அரசு உதவி கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வாங்கலாமா? ரொறன்ரோவில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கி வாடகைக்கு விடு என்கிறார் அப்பா. இன்னொன்று: பாங்னிர்டுங்கில் மாமியார், அரசு குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் பொது வீட்டில் குடியிருக்கிறார். அதில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டை அவரே விலைக்கு வாங்கத் திட்டம் இருக்கிறதாம். நாங்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் நிலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். வீடு வாங்குகிறோம் என்று நம்மவர்கள் சொல்லும்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் காணிதான். கட்டடம் பழசாகும், காணி விலை ஏறும் என்பது ரொறன்ரோவை அடுத்த மார்க்கம், பிரம்டன் நகரங்களில் நாம் போட்டுப் பழகிய கணக்கு. நூனவுட்டில் உங்களுக்குக் காணி கிடைக்காது. ஊர் எல்லைக்குள் இருக்கும் நகராட்சி நிலத்தை விற்கலாமா என்று 1995ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவில் நியாயம் உண்டு. விற்கத் தொடங்கினால் வெளியூர்ப் பணம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை. ஆகவே நீங்கள் வாங்குவது கட்டடத்தையும், நிலத்தின் மீதான நீண்டகாலக் குத்தகை உரிமையையும் மட்டுமே. விற்பவரின் குத்தகையில் எத்தனை ஆண்டுகள் மீதம் இருக்கின்றன, புதுப்பிக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் தீரும் காலத்தைத் தாண்டியும் குத்தகை நீளாவிட்டால் வங்கி முகத்தைச் சுளிக்கும். உங்கள் வங்கி சுளிக்காவிட்டாலும், நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவரின் வங்கி சுளிக்கும்.

இனி மாதக் கணக்கு. 10 சதவீதம், அதாவது 62,000 டொலர் முன்பணம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் கடன் காப்பீட்டுக் கட்டணம் 3.1 சதவீதம் சேரும். கடன் ஏறத்தாழ 575,000 டொலர். 4.5 சதவீத வட்டியில், 25 ஆண்டுகளில் தீர்ப்பதானால் மாதத் தவணை சுமார் 3,180 டொலர். அதன்மேல் சூடாக்கும் எண்ணெய், டீசலில் ஓடும் மின்நிலையத்தின் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், காப்பீடு, சொத்து வரி, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்குமாக மாதம் 2,000 டொலர் ஒதுக்குங்கள். இது என் மதிப்பீடு மட்டுமே. சரியான எண் வேண்டுமானால் விற்பவரிடம் கடைசிப் பன்னிரண்டு மாத எண்ணெய்ப் பில்களைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

மொத்தம் 5,180 டொலர். அரசுக் குடியிருப்பில் இல்லாத ஊழியருக்குக் கொடுக்கும் வீட்டுப்படியை மாதம் 400 டொலர் என்று கழித்துக்கொள்கிறேன். இப்போது கட்டும் 1,700 டொலரையும் கழித்தால் மாதம் 3,080 டொலர் கூடுதலாகக் கையை விட்டுப் போகும். அதில் முதல் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 1,070 டொலர் அசலில் சேர்கிறது, அது உங்கள் பணம். மிச்சம் இருக்கும் 2,000 டொலர்தான் உண்மையான விலை. ஆண்டுக்கு 24,000 டொலர். முன்பணத்தை முதலீட்டில் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

அந்த 24,000 டொலருக்கு என்ன வாங்குகிறீர்கள்? வேலையோடு கட்டிப் போடப்படாத ஒரு கூரை. அரசு ஊழியர் குடியிருப்பு என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. வேலையை விட்டால், வேலை போனால், ஓய்வுபெற்றால், சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்காபரோவில் வேலை போனால் அடுத்த தெருவில் மலிவாக ஓர் அறை தேடலாம். இக்காலுயிட்டில் தனியார் வாடகைக்கு இரண்டு அறை வீடு மாதம் 2,500 டொலருக்கு மேல், அதுவும் காலியாக இருந்தால்தான். வெளியேறத் தயாராக இருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. தெற்கே விமானம் ஏறிவிடுவார். ஆனால் உங்கள் மனைவிக்கு இதுதான் சொந்த மண். பிள்ளைகளும் இங்கேதான் வளர்கிறார்கள். உங்களில் ஒருவர் அரசு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய நினைத்தால்கூடக் கூரை கையில் இருக்க வேண்டும். ஆகவே குறைந்தது எட்டு, பத்து ஆண்டுகள் இங்கே இருப்பது உறுதி என்றால் வாங்குங்கள். “ஐந்து ஆண்டு பார்க்கலாம்” என்ற நிலை என்றால் குடியிருப்பிலேயே இருந்து மாதம் 2,500 டொலர் சேமியுங்கள். பண அளவில் அதுவே மேல்.

வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். இக்காலுயிட்டில் விலையைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு: கட்டுமானச் செலவும் அரசும். மரம், ஆணி, கதவு எல்லாம் கோடையில் பனிக்கட்டி உருகியபின் கப்பலில் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அடுத்த ஆண்டுக் கப்பல், இல்லாவிட்டால் விமானச் சரக்குக் கட்டணம். பொது வீட்டு அலகு ஒன்றைக் கட்டும் செலவு பத்து லட்சம் டொலரை நெருங்கிவிட்டது. ஊரின் பெரிய வாடகைதாரரும் அரசுதான். தன் ஊழியருக்காகத் தனியாரிடமிருந்து வீடுகளை மொத்தமாக வாடகைக்கு எடுப்பது அரசே. ஒரே முதலாளியை நம்பிய சந்தையில் உங்கள் சம்பளமும் உங்கள் வீட்டு விலையும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. 2030க்குள் 3,000 வீடுகள் கட்டும் திட்டத்தை 2022இல் அரசு அறிவித்தது. அதனால் உங்கள் வீட்டு விலை சரிந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. அவற்றில் பெரும்பகுதி பொது வீடுகளும் சகாய வீடுகளும்தான்.

அரசு உதவிக்கு வருவோம். நூனவுட் வீட்டுவசதிக் கழகத்தின் முன்பண உதவி என்பது நன்கொடை இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் அதே வீட்டில் குடியிருந்தால் தள்ளுபடியாகும் கடன் அது. இடையில் விற்றால் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்பார்கள். தகுதிக்கு ஊர்வாரியாக வருமான உச்சவரம்பு உண்டு. உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து 205,000 டொலர். வீட்டுக்கு விலை பேசும் முன்னரே கழகத்திடம் தகுதியை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாங்க முடியாது என்ற நிலையில் இருந்தால், அந்த வீடு இப்போதைக்கு உங்களுக்கு எட்டாத வீடு.

அலுவலகத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லாத உதவி இன்னொன்று இருக்கிறது. முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு, அதாவது எப்.எச்.எஸ்.ஏ., 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 8,000 டொலர், வாழ்நாளில் 40,000 டொலர் போடலாம். கணக்கைத் திறந்த பிறகுதான் வரம்பு சேரத் தொடங்கும் என்பதால் இந்த வாரமே இருவரும் திறந்துவிடுங்கள். வரியற்ற கணக்கில் சும்மா கிடக்கும் பணத்திலிருந்து இந்த ஆண்டு 16,000, ஜனவரியில் 16,000 என்று மாற்றினால், உங்கள் வருமான நிலைக்கு 8,000 டொலருக்கு மேல் வரி திரும்பும். இதற்காக மட்டுமே ஜனவரி வரை பொறுக்கலாம் என்பேன். விற்பவர் அவசரப்படுத்தினாலும் பனிக்காலத்தில் அங்கே வீடு வாங்க வரிசை நிற்காது.

வடபகுதி வாழ்வோருக்கான வரிக் கழிவு சொந்த வீடு வாங்கினால் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. நாளொன்றுக்கு வீட்டுக்கு 22 டொலர் என்பது வாடகை வீட்டிலும் அதேதான். இருவரும் தலா 11 டொலர் எடுப்பதைவிடக் கூடுதல் வருமானம் உள்ளவர் 22 டொலரையும் எடுப்பது பொதுவாக லாபம். இதுவரை எப்படிச் செய்தீர்கள் என்று பழைய வரிப் படிவங்களைப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறை அழகில் மயங்க வேண்டாம். நேராகக் கீழே குனிந்து தூண்களைப் பாருங்கள். நிரந்தர உறைபனி மீது, அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் மீது, தூண் ஊன்றி நிற்கும் வீடு அது. தரை சாய்ந்திருந்தால், கதவு சட்டத்தில் உரசினால், சுவர் மூலையில் விரிசல் இருந்தால், காரணம் தெரியும் வரை கையெழுத்து வேண்டாம். கொதிகலனின் வயதைக் கேளுங்கள். ஜனவரியில் அது நின்றுபோனால் ஒரு நாளுக்குள் குழாய்கள் உறைந்து வெடிக்கும். குழாய் இணைப்பா, லாரித் தண்ணீரா என்பதையும் கேளுங்கள். ஸ்காபரோவில் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டும் பழக்கம் இங்கே உதவாது. தூண் மீது நிற்கும் வீட்டுக்கு ஏது பேஸ்மென்ட்? தனி வாசலோடு இரண்டாவது அலகு உள்ள வீடாக இருந்தால் மட்டும் என் கணக்கு முழுவதும் மாறும். அப்படி ஒன்று வந்தால் இன்னும் 100,000 டொலர் கூடக் கொடுத்தாலும் தகும்.

மாமியார் வீட்டுக்கு என் பதில் வேறு. வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

குடியிருப்பவருக்கே பொது வீட்டை விற்கும் திட்டம் இருப்பது உண்மை. யாருக்குப் பொருந்தும் என்றால், நிலையான சம்பளமும், கையில் சுத்தியலும், எண்ணெய்ப் பில்லைக் கட்டும் தெம்பும் உள்ள நடுவயதுக் குடும்பத்துக்கு. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டிக்குப் பொருந்தாது. பொது வீட்டு வாடகை வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. மிகக் குறைந்த வாடகை நெடுங்காலமாக மாதம் 60 டொலராக இருந்தது. கொதிகலன் பழுதானால் உள்ளூர் வீட்டுவசதி அமைப்பின் ஆள் வருகிறார். வீடு அவர் பெயருக்கு வந்த மறுநாளே எண்ணெய், தண்ணீர் லாரி, காப்பீடு, பழுது எல்லாம் அவர் தலையில். உண்மையில் உங்கள் தலையில். பாங்னிர்டுங்கில் வீடு வாங்குவோர் சந்தை என்று ஒன்று இல்லாததால், போட்ட பணத்தை விற்று எடுக்கவும் முடியாது.

இந்த அனுபவம் அந்த மக்களுக்குப் புதிதும் அல்ல. 1950களின் இறுதியில் கூட்டாட்சி அரசு, “தீப்பெட்டி” என்று பெயர் வாங்கிய சின்னஞ்சிறு வீடுகளைக் கடனுக்குக் கொடுத்தது. வேட்டையில் வாழ்ந்தவர்களால் தவணையையும் எண்ணெய்ச் செலவையும் தாங்க முடியவில்லை. 1960களின் நடுவில் அரசே வாடகைத் திட்டத்துக்கு மாறியது. 1993இல் புதிய சமூக வீடுகளுக்கான நிதியைக் கூட்டாட்சி அரசு நிறுத்தியது. பிள்ளைகள் பிறந்தார்கள், வீடுகள் பிறக்கவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி, தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் 52.9 சதவீதம் பேர் நெரிசலான வீட்டில் இருக்கிறார்கள். மாமியார் வீட்டில் இருக்கும் ஒன்பது பேர் அந்த எண்ணுக்குள்தான் வருகிறார்கள். வீடு அவர் பெயருக்கு மாறினாலும் உள்ளே ஒன்பது பேர்தான் இருப்பார்கள். பொது வீட்டுக் கையிருப்பில் ஒன்று குறையும்.

மாமியார் இறந்தால் பிள்ளைகளை வெளியேற்றிவிடுவார்களோ என்ற உங்கள் மனைவியின் பயம்தான் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியாயமான பயம். அதற்கு மருந்து வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த வீட்டிலேயே வாழும், பொறுப்பான ஒரு மகனையோ மகளையோ ஒப்பந்தத்தில் சேர்க்க முடியுமா என்று வீட்டுவசதி அமைப்பிடம் கேளுங்கள். ஒப்பந்தக்காரரின் வருமானம் வாடகையைக் கூட்டும் என்பதால் புதிய தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகை பாக்கி இருந்தால் நீங்கள் அதைத் தீர்த்துவிடுங்கள். மகன்களில் திருமணமானவர் காத்திருப்புப் பட்டியலில் தனியாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். வீடு வாங்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். பிறகு ஒரு நாள், சம்பளம் உள்ள மகன் தானே வாங்க முன்வந்தால், அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

அப்பாவின் கொண்டோவுக்கு நாலு வரி போதும். வாடகைக்கு விடும் வீட்டுக்கு முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் பணத்தை எடுக்க முடியாது. முன்பணம் 20 சதவீதம் வேண்டும். ரொறன்ரோ கொண்டோ விலைகள் 2022இன் உச்சத்திலிருந்து இறங்கியிருக்கின்றன, வாடகை பராமரிப்புக் கட்டணத்தையும் வட்டியையும் சேர்த்துத் தாங்குவது அரிது. குழாய் உடைந்தது என்று நள்ளிரவில் வாடகைக்காரர் அழைத்தால், நீங்கள் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பீர்கள். ஓடப் போகிறவர் அப்பாதான். அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள்.